எத்தனை பேர்? – மதுவும் வாகனமும்: ஒரு வரலாற்றுப் பார்வை



சில வாரங்களுக்கு முன் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு விழுக்காடு கற்பித்துக் கொண்டிருந்தேன். அன்றாட வாழ்விலிருந்து எடுத்துக்காட்டு வேண்டும் என்பதற்காக, நாளிதழ்களில் எண்கள் இடம்பெற்ற செய்தி எதையேனும் வெட்டி எடுத்து வரும்படி முதல் நாளே கூறியிருந்தேன். ஒரு மாணவன் கொண்டு வந்தது சாலை விபத்துச் செய்தி. மது அருந்திய ஓட்டுநர் ஒருவர் எதிர்த்திசையில் வந்து மோதியதாக அதில் இருந்தது. அதைப் படித்து முடித்ததும் அவன் கேட்டான்.

“ஐயா, குடிச்சிட்டு வண்டி ஓட்டுறவங்க மொத்தம் எத்தனை விழுக்காடு இருப்பாங்க?”

நல்ல கேள்வி என்று பாராட்டினேன். விடை எனக்குத் தெரியவில்லை. தேடிப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அவன் அமரவில்லை. குரலைச் சற்றுத் தாழ்த்திக்கொண்டு மீண்டும் கேட்டான்.

“விபத்து நடந்தாத்தான் அந்தக் கணக்குல சேர்ப்பாங்களா ஐயா? இல்ல… ஒழுங்கா வீட்டுக்கு வந்து சேர்ந்துட்டாலும் சேர்ப்பாங்களா?”

அந்தக் கேள்வி யாரைப் பற்றியது என்பது எனக்குப் புரிந்தது. வகுப்பில் வேறு யாருக்கும் புரிந்திருக்காது என்றே நம்புகிறேன். அன்று மாலை வீடு திரும்பியபின் தேடத் தொடங்கினேன். தேடியதில் கிடைத்தவற்றையே இங்கே தொகுத்து எழுதுகிறேன். சிறுவன் கேட்ட அந்த இரண்டாவது கேள்விதான், கடந்த நூறு ஆண்டுகளாக அறிஞர் பெருமக்கள் பலரும் விடை தேடிய கேள்வி என்பதைப் பின்னரே உணர்ந்தேன்.

கண்ணால் அளந்த காலம்

மதுவைப் பழிக்கும் அறநூல்கள் நம்மிடம் பழங்காலந்தொட்டே உண்டு. திருக்குறளில் ‘கள்ளுண்ணாமை’ 93ஆம் அதிகாரமாக அமைந்திருப்பதை நம் மாணவர்களும் அறிவர். ஆனால் குடித்தவன் கையில் ஒரு வாகனம் இருந்தால் அவனால் பிறருக்கு என்ன நேரும் என்பது பிற்காலச் சிந்தனை.

1872ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் இயற்றப்பட்ட மதுவிற்பனை உரிமச் சட்டம், குடிபோதையில் குதிரை, கால்நடை, வண்டி, நீராவி இயந்திரம் ஆகியவற்றைப் பொறுப்பில் வைத்திருப்பதைக் குற்றமாக்கியது. மோட்டார் வாகனம் அப்போது சாலைக்கே வரவில்லை. அது வந்த சில ஆண்டுகளிலேயே முதல் வழக்கும் வந்துவிட்டது. 1897ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள், இலண்டனில் ஜார்ஜ் ஸ்மித் என்னும் வாடகை வண்டி ஓட்டுநர், மின்சாரத்தால் இயங்கிய தம் வண்டியை ஒரு கட்டடத்தின் மீது மோதினார். குடித்திருந்ததை ஒப்புக்கொண்டார், அபராதம் கட்டினார். குடிபோதையில் மோட்டார் வாகனம் ஓட்டியதற்காகத் தண்டிக்கப்பட்ட முதல் மனிதர் என்று வரலாறு இவரையே குறிப்பிடுகின்றது.

ஸ்மித் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொள்ளாதவரை என்ன செய்வது? அங்கேதான் சிக்கல் தொடங்கியது. காவலர் அவரை நேர்கோட்டில் நடக்கச் சொல்வார். நாப்பிறழ் சொற்றொடர் ஒன்றைச் சொல்லச் சொல்வார். மருத்துவர் வந்து கண்ணைப் பார்ப்பார், மூச்சை முகர்ந்து பார்ப்பார். பின்னர் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் எழுந்து, ‘என் கட்சிக்காரர் களைப்பால் தள்ளாடினார்’ என்பார். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் இப்படியே கழிந்தன. தள்ளாடுகின்றவர் மட்டுமே குடித்தவர் என்ற எண்ணம் மக்கள் மனத்தில் வேரூன்றியதும் இக்காலத்தில்தான். ‘நான் நிதானமாகத்தான் இருக்கிறேன்’ என்று இன்றும் நம் விருந்துகளில் ஒலிக்கும் குரல், அந்தக் காலத்தின் எதிரொலியே.

இரத்தமும் மூச்சும்

இந்த நிலையை மாற்றியது வேதியியல். சுவீடன் நாட்டு அறிஞர் எரிக் விட்மார்க், உடலுக்குள் சென்ற மது எவ்வளவு நேரத்தில் இரத்தத்தில் கலக்கின்றது, எவ்வளவு நேரத்தில் குறைகின்றது என்பதைக் கணக்கிட்டு 1932ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். இன்றைக்கும் நீதிமன்றங்களில் பேசப்படும் கணக்கு அது.

1936ஆம் ஆண்டில் நார்வே நாடு ஒரு புதுமையைச் செய்தது. இரத்தத்தில் மதுவின் அளவு 0.05 விழுக்காட்டைத் தாண்டினால் குற்றம் என்று சட்டம் வகுத்தது. தள்ளாடினாரா, உளறினாரா என்ற கேள்விகளுக்கு இடமில்லாமல், எண்ணே சான்றாக நின்றது. 1941இல் சுவீடன் 0.08 விழுக்காடு என்ற அளவுடன் பின்தொடர்ந்தது.

ஆயினும் சாலையோரத்தில் நிற்கும் காவலர் ஒவ்வொருவரிடமும் இரத்தம் எடுக்க இயலுமா? அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்துப் பேராசிரியர் ரோலா ஹார்கர் இதற்கு வழி கண்டார். நுரையீரலில் இரத்தத்திலுள்ள மது, ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் மூச்சுக்காற்றில் கலக்கின்றது. ஆகவே மூச்சை அளந்தால் இரத்தத்தை அளந்ததற்கு ஒப்பாகும். பலூன் ஒன்றில் ஊதச் செய்து, அந்தக் காற்றை வேதிக்கரைசலில் செலுத்தி அளக்கும் கருவியை அவர் உருவாக்கினார். அதே மாநிலத்தைச் சேர்ந்த இராபர்ட் போர்க்கன்ஸ்டைன், 1954ஆம் ஆண்டில் எளிதில் எடுத்துச் செல்லத்தக்க மூச்சுச்சோதனைக் கருவியை வடிவமைத்தார். இவர் மாநிலக் காவல்துறையில் பணியாற்றியவர் என்பதால் சாலையின் தேவையை நன்கறிந்தவர்.

பகுதி எண்ணைத் தேடிய ஆய்வு

கருவி கிடைத்துவிட்டது. ஆனால் ‘எத்தனை பேர்?’ என்ற கேள்விக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை.

நம் மாணவர்களுக்குப் பின்னம் கற்பிக்கும்போது, மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி என்கிறோம். விபத்தில் சிக்கியோருள் குடித்திருந்தவர்கள் எத்தனை பேர் என்பதை மருத்துவமனையும் காவல்நிலையமும் சொல்லிவிடும். விபத்தில் சிக்காமல் அதே சாலையில் சென்றோருள் எத்தனை பேர் குடித்திருந்தனர்? அதை யாரும் எண்ணவில்லை. எண்ணாதவரை, ‘குடித்தவர்கள் பலர் பத்திரமாகத்தானே வீடு போய்ச் சேர்கிறார்கள்’ என்ற வாதத்திற்கு மறுமொழி சொல்ல இயலாது.

போர்க்கன்ஸ்டைனும் அவருடைய குழுவினரும் 1962, 1963ஆம் ஆண்டுகளில் மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரில் இதைத்தான் செய்தனர். விபத்தில் சிக்கிய ஏறத்தாழ 6,000 ஓட்டுநர்களின் மூச்சை அளந்தனர். அத்தோடு நிற்கவில்லை. விபத்துகள் நடந்த அதே இடங்களுக்கு, அதே கிழமையில், அதே நேரத்தில் மீண்டும் சென்றனர். அவ்வழியே எவ்விதச் சிக்கலும் இல்லாமல் சென்றுகொண்டிருந்த 7,500க்கும் மேற்பட்ட ஓட்டுநர்களை நிறுத்தி அவர்களின் மூச்சையும் அளந்தனர்.

இரண்டையும் ஒப்பிட்டபோது உண்மை வெளிப்பட்டது. இரத்தத்தில் மதுவின் அளவு ஏற ஏற விபத்துக்கான வாய்ப்பும் ஏறுகின்றது. மிகுந்த அளவை எட்டும்போது அது படிப்படியாக ஏறாமல் செங்குத்தாக ஏறுகின்றது. தள்ளாட்டம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே ஆபத்து தொடங்கிவிடுகின்றது. 1964இல் வெளிவந்த இந்த ஆய்வே பல நாடுகளின் சட்டங்களுக்கு அடித்தளமாயிற்று.

அந்தச் சிறுவன் கேட்ட கேள்வியை மீண்டும் நினைத்துப் பாருங்கள். ‘ஒழுங்கா வீட்டுக்கு வந்து சேர்ந்துட்டாலும் சேர்ப்பாங்களா?’ ஆம். சேர்க்க வேண்டும். அவர்களைச் சேர்த்த பிறகுதான் கணக்கே சரியாயிற்று.

வாகனம் ஓட்டாத அமைச்சர்

பிரிட்டனில் 1967ஆம் ஆண்டுச் சாலைப் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தவர் போக்குவரத்து அமைச்சர் பார்பரா காசல் அம்மையார். 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் மது என்பதே எல்லை. அந்த ஆண்டு அக்டோபர் 9ஆம் நாள் சட்டம் நடைமுறைக்கு வந்தது. எதிர்ப்பு கடுமையாக இருந்தது. உழைத்துக் களைத்தவன் மாலையில் அருந்தும் ஒரு குவளையைக்கூடப் பறிக்கிறார் என்றனர். அம்மையாருக்கு வாகனம் ஓட்டத் தெரியாது என்பதையும் சுட்டிக்காட்டி ஏளனம் செய்தனர்.

விளைவு என்ன? மதுவோடு தொடர்புடைய விபத்துகளின் பங்கு முதலாண்டிலேயே 25 விழுக்காட்டிலிருந்து 15 விழுக்காடாகக் குறைந்தது.

இதற்குப் பின் நடந்ததையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளில் அந்த நன்மை தேய்ந்தது. முதலில் மக்கள் அஞ்சினர். ‘எங்கே பார்த்தாலும் சோதனை இருக்கும்’ என்று எண்ணினர். பின்னர், பிடிபடும் வாய்ப்பு மிகக் குறைவு என்பதை அனுபவத்தில் கண்டுகொண்டனர். தண்டனை பெரிதாக இருப்பதைவிட, பிடிபடுவோம் என்ற உறுதி பெரிதாக இருக்க வேண்டும் என்பது அன்றைக்கே கிடைத்த பாடம்.

ஒரு தாயின் குரல்

அமெரிக்காவில் மாற்றத்தைத் தொடங்கி வைத்தவர் ஒரு தாய். 1980ஆம் ஆண்டு மே மாதம் கலிபோர்னியாவில் கேண்டி லைட்னர் என்பவரின் 13 வயது மகள் கேரி, சாலையோரம் நடந்து சென்றபோது வாகனம் மோதி உயிரிழந்தாள். மோதியவர் குடித்திருந்தார். முன்பும் அதே குற்றத்திற்காகத் தண்டிக்கப்பட்டவர். மகளை இழந்த அந்தத் தாய், அதே ஆண்டில் தாய்மார்களின் இயக்கம் ஒன்றைத் தோற்றுவித்தார். அதுவரை ‘விபத்து’ என்று அழைக்கப்பட்டதைக் ‘குற்றம்’ என்று அழைக்கச் செய்தது அந்த இயக்கத்தின் பெரும் பணி. 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின் விளைவாக மது வாங்குவதற்கான குறைந்தபட்ச வயது நாடு முழுவதும் 21 ஆயிற்று.

அமெரிக்கா இன்னொன்றையும் செய்தது. கிராண்ட் ராப்பிட்ஸ் முறையை நாடளாவிய அளவுக்கு விரித்தது. வெள்ளி, சனி இரவுகளில் சாலையோரத்தில் வாகனங்களை நிறுத்தி, விருப்பத்தின் பேரில் ஓட்டுநர்களின் மூச்சை அளந்தனர். இது கைது செய்வதற்கான சோதனையன்று. குடித்திருந்தவர்களைப் பாதுகாப்பாக வீட்டுக்கு அனுப்பிவைத்தனர். 0.08 விழுக்காடும் அதற்கு மேலும் இருந்தவர்களின் பங்கைப் பாருங்கள்:

1973 – 7.5 விழுக்காடு
1986 – 5.4 விழுக்காடு
1996 – 4.3 விழுக்காடு
2007 – 2.2 விழுக்காடு
2013-14 – 1.5 விழுக்காடு

1973இல் வார இறுதி இரவில் எதிரே வந்த ஏறத்தாழ 13 ஓட்டுநர்களில் ஒருவர் அந்த நிலையில் இருந்தார். நாற்பது ஆண்டுகளுக்குப் பின் ஏறத்தாழ 67 பேரில் ஒருவர். மனிதனின் பழக்கத்தை மாற்றவே முடியாது என்பாருக்கு இந்த ஐந்து வரிகளே விடை.

சாலையில் அளந்தது ஒரு முறை என்றால், நேரடியாகக் கேட்டது இன்னொரு முறை. அமெரிக்க நோய்த்தடுப்பு மையம், பெரியவர்களைத் தொலைபேசியில் அழைத்து, ‘கடந்த 30 நாள்களில், சற்று அதிகமாகவே குடித்துவிட்டோமோ என்னும் நிலையில் எத்தனை முறை வாகனம் ஓட்டினீர்கள்?’ என்று கேட்டு வந்தது. 2010ஆம் ஆண்டில் பெரியவர்களுள் 1.8 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 40 இலட்சம் பேர், ஒரு முறையேனும் ஓட்டியதாக ஒப்புக்கொண்டனர். அந்த ஆண்டு முழுமைக்கும் கணக்கிட்டால் 11 கோடியே 20 இலட்சம் முறை! நாளொன்றுக்கு ஏறத்தாழ 3 இலட்சம் முறை.

அதே ஆண்டில் இக்குற்றத்திற்காக அந்நாட்டில் நடந்த கைதுகள் ஏறத்தாழ 14 இலட்சம். வகுத்துப் பாருங்கள். 80 முறை ஓட்டினால் ஒரு முறை கைது! எஞ்சிய 79 முறையும் ‘ஒழுங்காக வீடு வந்து சேர்ந்தவை’ அல்லது பிடிபடாதவை. ஒவ்வொரு முறை தப்பும்போதும் மனம் ஒரு பொய்யைக் கற்றுக்கொள்கின்றது. ‘என்னால் முடியும்’ என்பதே அந்தப் பொய்.

இன்னும் இரண்டு செய்திகள். அந்த 11 கோடிச் சொச்சத்தில் 81 விழுக்காடு ஆண்கள் ஓட்டியவை. 85 விழுக்காடு, ஒரே அமர்வில் மிகுதியாகக் குடிக்கும் பழக்கமுடையோர் ஓட்டியவை. ஆக, எல்லாரும் சிறிது சிறிதாகச் செய்யும் தவறு அன்று இது. ஒரு சிறு கூட்டம் மீண்டும் மீண்டும் செய்யும் தவறு.

உயிரிழப்பும் குறைந்தது. 1982ஆம் ஆண்டில் அந்நாட்டில் மதுபோதை ஓட்டுநர் சம்பந்தப்பட்ட விபத்துகளில் மாண்டோர் 21,000க்கும் மேற்பட்டோர். 2011இல் அது 10,000க்கும் கீழே இறங்கியது. ஆனால் 2022இல் மீண்டும் 13,500ஐத் தாண்டியது. விழிப்புணர்வு என்பது ஒருமுறை ஏற்றிவிட்டால் நின்றெரியும் விளக்கன்று. எண்ணெய் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

கள்ளுக்கடையிலிருந்து நெடுஞ்சாலைக்கு

இனி நம் மண்ணுக்கு வருவோம்.

நம் முன்னோர் சஞ்சிக் கூலிகளாகவும் கங்காணி முறையிலும் இங்கே வந்து இரப்பர்க் காடுகளில் உழைத்த காலத்தில், தோட்டந்தோறும் லயன் வீடுகள் இருந்தன, கோயில் இருந்தது, கள்ளுக்கடையும் இருந்தது. உரிமம் பெற்று நடந்த கடைகள் அவை. உழைத்த கூலி மாலையில் அங்கேயே கரைந்தது. அடுப்பு எரியாத இரவுகளைப் பற்றி என் பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

அதை எதிர்த்து நம்மவர் எழுந்த வரலாறும் உண்டு. அதனை நம் பிள்ளைகள் அவசியம் அறிய வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1946, 1947ஆம் ஆண்டுகளில், கெடா மாநிலத்தின் பீடோங் வட்டாரத் தோட்டங்களில் ஏ.எம்.சாமி என்பவரின் தலைமையில் தொண்டர் படை உருவானது. இந்திய தேசிய இராணுவத்தில் பயிற்சி பெற்ற இளைஞர்களும் அதில் இணைந்தனர். கள்ளுக்கடைகளின் முன் மறியல் நடந்தது. கடைகளை மூடச் சொன்னவர்கள் மீது அன்றைய காலனித்துவக் காவல்துறை அடக்குமுறையைக் கட்டவிழ்த்தது. குடிக்காதே என்று கூறியதற்காக அடிபட்டவர்கள் நம் முன்னோர்!

இதில் நான் கவனித்த ஒன்றைச் சொல்ல வேண்டும். கள்ளுக்கடையில் குடித்தவர் நடந்தே வீடு திரும்பினார். வழியில் விழுந்தாலும் செம்மண் சாலையில்தான் விழுந்தார். அவருடைய குடி அவரையும் அவர் குடும்பத்தையும் அழித்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மேம்பாட்டுக்காக விற்கப்பட்டு, நம்மவர் நகர்ப்புறங்களுக்குப் பெயர்ந்தபோது, கள்ளின் இடத்தைச் சம்சுப் புட்டிகளும் பீரும் பிடித்தன. கால்நடையின் இடத்தை மோட்டார் சைக்கிள் பிடித்தது. பழக்கம் பழையது, சாலை புதியது. அன்று குடும்பத்தோடு நின்ற கேடு, இன்று முன்பின் அறியாத இன்னொரு குடும்பத்தின் வாசலிலும் போய் நிற்கின்றது.

2019ஆம் ஆண்டில் மலேசியச் சாலைகளில் 6,167 பேர் உயிரிழந்தனர். நம் நாட்டில் சாலையில் மாள்வோருள் பத்தில் ஆறு பேருக்கும் மேல் மோட்டார் சைக்கிளில் செல்வோர். இவர்களுள் மிகப் பலரின் சாவுக்கு மது காரணமன்று. வேகம், களைப்பு, சாலை விதிகளைப் பின்பற்றாமை எனக் காரணங்கள் பல உள்ளன. ஆயினும் இரு சக்கரத்தில் செல்பவருக்கு எதிரே ஒரு குடிகாரர் மகிழுந்தில் வந்தால், அவருக்கு இரும்புச் சுவர் ஏதுமில்லை. அவரே குடித்திருந்தால், சமநிலையை முதலில் இழப்பவரும் அவரே.

மாறிய சட்டம்

நம் நாட்டின் 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்கீழ், மதுவின் எல்லை பிரிட்டனைப் போலவே 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் என்றிருந்தது. 2020ஆம் ஆண்டின் முதற்பாதியில் குடிபோதை ஓட்டுநர்களால் அடுத்தடுத்து நிகழ்ந்த சாவுகள் மக்களின் சினத்தைத் தூண்டின. ஆகஸ்டு மாதம் நாடாளுமன்றத்தில் சட்டத் திருத்தம் நிறைவேறியது. அக்டோபர் 23ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது.

இரத்தத்தில் 80 என்றிருந்த எல்லை 50 ஆயிற்று. மூச்சில் 35 மைக்ரோகிராம் என்றிருந்தது 22 ஆயிற்று. எல்லையைத் தாண்டி ஓட்டினாலே, விபத்து நிகழாவிட்டாலும், முதல் குற்றத்திற்கு 10,000 முதல் 30,000 ரிங்கிட் வரை அபராதம். 2 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனையும் விதிக்கப்படலாம். உயிரிழப்பை ஏற்படுத்தினால் 10 முதல் 15 ஆண்டுகள் சிறை, 50,000 முதல் 1 இலட்சம் ரிங்கிட் வரை அபராதம். மீண்டும் செய்தால் இன்னும் கடுமை.

விபத்து நிகழாவிட்டாலும் என்ற சொற்களைக் கவனியுங்கள். சிறுவனின் கேள்விக்குச் சட்டமும் ‘ஆம்’ என்றே விடை கூறுகின்றது.

ஜப்பான் இன்னும் ஒரு படி மேலே சென்றது. 2006ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஃபுக்குவோக்கா நகரின் பாலமொன்றில், குடித்த ஓட்டுநர் மோதியதில் ஒரு குடும்பத்தின் வாகனம் கடலில் விழுந்து மூன்று குழந்தைகள் மாண்டனர். அடுத்த ஆண்டே சட்டம் திருத்தப்பட்டது. ஓட்டியவர் மட்டுமல்லர், ஓட்டப்போகிறார் என்று தெரிந்தே மது ஊற்றிக் கொடுத்தவர், வாகனம் கொடுத்தவர், தெரிந்தே உடன் ஏறிச் சென்றவர் எல்லாரும் குற்றவாளிகள் ஆயினர். நம் திருமண விருந்துகளில், மண்டபத்தின் பின்புறம் மகிழுந்தின் பின்கதவைத் திறந்து வைத்து, ‘இன்னும் ஒன்னே ஒன்னு மச்சான்’ என்று ஊற்றிக் கொடுக்கும் அன்பர்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்கட்டும்.

காலையிலும் கணக்கு தீராது

இந்தத் தேடலில் என்னை உலுக்கிய செய்தி ஒன்று உண்டு. அது வரலாறன்று, எளிய கழித்தல் கணக்கு.

மனித உடல் சராசரியாக மணிக்கு 15 மில்லிகிராம் என்ற அளவில்தான் இரத்தத்திலுள்ள மதுவைக் குறைக்கின்றது. ஆளுக்கு ஆள் சற்று வேறுபடலாம். ஆனால் குளித்தாலும், காப்பி குடித்தாலும், எலுமிச்சைச் சாறு அருந்தினாலும் அந்த வேகம் கூடாது. நள்ளிரவு 12 மணிக்கு ஒருவரின் இரத்தத்தில் 150 மில்லிகிராம் இருப்பதாகக் கொள்வோம். காலை 6 மணிக்கு 90 குறைந்திருக்கும். எஞ்சுவது 60. பழைய எல்லைப்படி அவர் தப்பினார். புதிய எல்லைப்படி அவர் குற்றவாளி. ஆறரை மணிக்குக்கூட 52.5 இருக்கும்.

ஆறரை மணி என்பது என்ன நேரம்? தந்தையர் தம் பிள்ளைகளை மோட்டார் சைக்கிளில் முன்னும் பின்னும் ஏற்றிக்கொண்டு தமிழ்ப்பள்ளிக்கு வரும் நேரம்.

நிறைவாக

தேர்ச்சி அறிக்கை வழங்கும் நாளன்று அந்தச் சிறுவனின் தந்தை வந்திருந்தார். நல்ல உழைப்பாளி; பேச்சில் பணிவு உள்ளவர். மகனின் கணிதப் புள்ளிகளைப் பற்றிப் பேசினோம். பின்னர், வகுப்பில் விழுக்காட்டுக்காகத் தயாரித்த பயிற்சி என்று கூறி, மேலே சொன்ன கழித்தல் கணக்கை அவரிடம் ஒரு தாளில் போட்டுக் காட்டினேன். மகன் கேட்ட கேள்வியைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. அறிவுரையும் கூறவில்லை. ஆசிரியரின் அறிவுரையைக் கேட்டுக் குடியை விட்டவர் யாரையும் இருபது ஆண்டுப் பணியில் நான் கண்டதில்லை.

அவர் அந்தத் தாளை நீண்ட நேரம் பார்த்தார். “காலையில கூடவா சார்?” என்றார்.

“ஆமாங்க. காலையிலயும்தான்.”

வெளியே முற்றத்தில் மகன் தலைக்கவசத்தைக் கையில் பிடித்தபடி காத்திருந்தான். அவனை ஒருமுறை பார்த்துவிட்டு, தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். “இதை நான் எடுத்துக்கிறேன் சார்” என்று மட்டும் கூறிச் சென்றார். அவர் என்ன முடிவெடுத்தார் என்பது எனக்குத் தெரியாது. மறுவாரம் முதல் சில நாள்களில் அந்தச் சிறுவனை அவன் தாயார் நடத்தி அழைத்து வருவதைப் பார்க்கிறேன். ஏன் என்று நான் கேட்கவில்லை.

எத்தனை விழுக்காடு என்ற கேள்விக்கு இன்னொரு நாட்டின் எண்களைத்தான் அவனுக்குச் சொல்ல முடிந்தது. ஆனால் அந்த எண்கள் குறைந்தன என்பதையும், அவை தாமாகக் குறையவில்லை, மனிதர்கள் குறைத்தார்கள் என்பதையும் சேர்த்தே சொன்னேன். பீடோங் தோட்டத்து இளைஞர்களைப் பற்றியும் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவன், “அப்போ நம்மாளுங்களும் செஞ்சிருக்காங்க, இல்ல ஐயா?” என்றான்.

ஆம். நம்மவரும் செய்திருக்கிறார்கள். மீண்டும் செய்ய முடியும்.

சிந்திப்போம். அடுத்த பதிவில் மீண்டும் சந்திப்போம்.